அடிக்காமல் விட்டதற்கும் சேர்த்து

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்தெருவில்,
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு நாற்காலி அகலம் என் உத்தியோகம்.
பயோடேட்டா பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
மெயில் ஐடி திறந்து தர இருபது.
ஆலோசனைக்குக் காசில்லை,
அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

ஜெயக்கொடி ஓ.டி.யிலிருந்து வந்தான்.
டிப்ளமா மெக்கானிக்கல், இரண்டு அரியரையும் முடித்தவன்.
மெயில் ஐடி: கடலூர்ப்புலி தொண்ணூற்றெட்டு.
புலிக்கு யாரப்பா பி.எஃப். பிடிப்பார்கள்,
பேரும் இனிஷியலும் போதும் என்றேன்.
மனசில்லாமல் தலையாட்டினான்.

பிறகு ஒரு தாளை நீட்டினான்:
'நேர்மையானவன். கடின உழைப்பாளி.
குழுவோடு இணைந்து செயல்படுபவன்.'
இதே மூன்று வரியை
இன்று காலையிலேயே நாலு பேருக்கு அடித்தாயிற்று.
நாலு பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் போகிறார்கள்.
நீ என்ன செய்தாய், அதைச் சொல்.

ஒன்றுமில்லை என்றான்.
மெஷின் யாருடைய ஆதாரையோ
இருபுறமும் துப்பி முடிக்கிறவரை
சும்மா நின்றான்.
'வெள்ளத்தப்போ எங்க தெரு மோட்டார் முங்கிப் போச்சுக்கா.
பிரிச்சுக் காயவெச்சு, காயில் கட்டி
அஞ்சாம் நாள் ஓட்டிட்டேன்.
எழுபது வீட்டுக்குத் தண்ணி.
அதெல்லாம் வேலையா?'

அதைத்தான் முதல் வரியாக அடித்தேன்.
எழுபதை எண்ணிலேயே போட்டேன்,
எண் கண்ணில் படும்.

போகிறபோது சொன்னேன்:
ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எந்த மேஜையிலும் விட்டுவராதே.
வேலைக்கு முன்பணம் கேட்கிறவன் வேலை தருகிறவன் இல்லை.
சிப்காட் கேட்டில் நோட்டில் பேர் எழுதவே
இருபது நிமிஷம் ஆகும், அதையும் கணக்கில் வை.
தெரியாததைத் தெரியாது என்று சொல்,
சொல்லிவிட்டு எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பதையும் சொல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால்,
ஒன்பது இண்டர்வியூவில் தோற்றவள் நான்.

பதினோரு மாதம்.
சட்டையில் அமில வாசனையோடு மறுபடி வந்தான்.
'ராஜினாமா லெட்டர் அக்கா. எல்லாத்தையும் எழுதணும்.'
சொல்லு என்றேன்.
ஷிப்ட் இன்சார்ஜின் பேர், அவர் வாய், அவர் வம்சம்,
தொடர்ந்து பதினாறு நைட் ஷிப்ட்,
கிழிந்த கையுறை, கேட்டால் வசை.
ஒரு பக்கம் முழுக்க அடித்தேன்,
எழுத்துப்பிழை இல்லாமல், வசையையும்.

அடுத்த வேலை?
'புதுச்சேரி, மேட்டுப்பாளையம் எஸ்டேட்.'
வாய்ப்பேச்சா, தாளா?
தாளைக் காட்டினான். தேதி, சம்பளம், சீல்
மூன்றையும் பார்த்தேன்.

பிறகு வசையை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.
கையுறையை அழிக்கவில்லை.
அது தனிக் கடிதம், பாதுகாப்பு அதிகாரிக்கு:
எந்தத் தேதி, எந்த ஷிப்ட், எத்தனை ஜோடி கேட்டான்.
நகல் ஒன்று உன் பையில்.
உனக்குப் பின்னால் அந்த வால்வைத் திறக்கப்போவது
வேறொரு கை.

ராஜினாமா இரண்டே வரி.
இன்ன தேதியோடு விலகுகிறேன், ஒரு மாத நோட்டீஸ்.
வாய்ப்புக்கு நன்றி.
'நன்றி எதுக்குக்கா?'
அனுபவச் சான்றிதழுக்கு.

சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.
'ரெண்டு வரிக்குமா முப்பது ரூபா?'
அடிக்காமல் விட்டதற்கும் சேர்த்து.

சில்லறை எடுக்கத் திரும்பினேன்.
திரையோரம் ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டான்:
'தில்லைநாயகி - கடைசி - 3.'
'இது யாரு?'
நான்தான்.
'திறங்க.'

முதல் வரியில்
நேர்மையானவள். கடின உழைப்பாளி.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
பாண்டி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
கர்சர் மட்டும்
அந்த வரியின் முடிவில் நின்று
துடித்துக்கொண்டிருந்தது.
அடுத்த ஆள் ரேஷன் கார்டை நீட்டினார், ரெண்டு காப்பி.